கடன் குறையும் கோடு



"கணக்கு எனக்கு ஏறாது மிஸ்" என்று சொல்லாத பெண்ணை எங்கள் சனிக்கிழமைச் சந்திப்புகளில் நான் இன்னும் காணவில்லை. ஆனால் அதே பெண்தான் அரிசி, பருப்பு, பஸ் காசு, பிள்ளையின் கொப்பி, கடன் என்று ஒரு சம்பளத்தை ஏழாகப் பிரிப்பவள். கணக்கு ஏறாத தலையால் அது முடியாது. நமக்கு ஏறாதது கணக்கல்ல, கணக்குப் பாடம். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் ஓடிக்கொண்டும் ஒளிந்துகொண்டும் இருந்தோம். பாடம் எங்கோ நின்றுவிட்டது.

இம்மாதம் அப்படி நின்றுபோன ஒரு பாடத்தைப் பற்றி எழுதுகிறேன். பயந்து பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு கடன் அட்டையும், ஒரு பென்சிலும், சதுரக்கோடு போட்ட ஒரு கணிதக் கொப்பியும் இருந்தால் போதும்.

மழை பெய்த ஒரு சனிக்கிழமை. கலஹாப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா பஸ்ஸில் வந்து பேராதனையில் இறங்கி, நனைந்தபடி எங்களிடம் வந்தார். கூடவே பதினொராம் வகுப்புப் படிக்கும் மகள். அக்காவின் பெற்றோர் தோட்டத்து மக்கள். 1983 கலவரத்திற்குப் பிறகு உயிர் தப்பினால் போதும் என்று கிளிநொச்சிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அக்கா வளர்ந்தது, மணம் முடித்தது எல்லாம் அங்கேதான். 2009 இல் கணவனை இழந்தார். மகள் பிறந்தது செட்டிக்குளம் முகாமில். பிறகு பழைய உறவைத் தேடி மறுபடியும் மலைக்கே வந்து, லயத்தின் ஓர் அறையில் தையல் மெஷின் ஒன்றை வைத்து வாழ்கிறார். அந்த மெஷின் வாங்கத்தான் கடன்.

ஈரம் படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஆறு கிழமை பிந்திப்போச்சாம் மிஸ். நான் நாலு கிழமைதான் கட்டேல்லை. குழுவில இருக்கிற ஆக்கள் என்னோட கதைக்கிறதும் இல்லை."

குழுப்பிணையில் கடன் எடுத்த சகோதரிகளுக்கு இந்தக் கடைசி வசனத்தின் பாரம் விளங்கும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். கடன் ரூபாவில் மட்டும் நிற்பதில்லை. கிணற்றடியில் முகம் திருப்பும் அளவுக்கு வந்துவிடும்.

அட்டையைப் புரட்டிப் பார்த்தேன். சமூகவியல் படித்தவள் நான். எண்களைக் கண்டால் எனக்கும் கொஞ்சம் தயக்கம்தான். சில இடங்களில் கையொப்பம், சில இடங்களில் வெற்றுக் கட்டம், மூன்று விதமான கையெழுத்து. அக்கா சொல்வது சரியா, அட்டை சொல்வது சரியா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியவில்லை.

அந்த நேரம் மகள் மூலையில் இருந்து வீட்டுப் பாடம் செய்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஆள்கூற்றுத் தளம், எக்ஸ் அச்சு, வை அச்சு. "சமன்பாட்டில் வையை எழுவாயாக்குக. அட்டவணையைப் பூர்த்தி செய்து வரைபை வரைக" என்று இருந்தது. பிள்ளை பாதியில் நின்றிருந்தாள். "இது வாழ்க்கையில எங்க வரும் மிஸ்?" என்று கேட்டாள்.

அம்மாவின் அட்டையை அவள் முன்னால் வைத்தேன். "இங்கே வரும்" என்றேன்.

முதலில் கடனைச் சொல்கிறேன். எடுத்த பணம் 50,000 ரூபா. "வட்டி இருபது வீதம்" என்று சொல்லியிருந்தார்கள். அதாவது 10,000 ரூபா. மொத்தம் 60,000 ரூபா. இதை 50 கிழமைகளில், கிழமைக்கு 1,200 ரூபாவாகக் கட்டி முடிக்க வேண்டும்.

கடன் எடுத்த நாளிலிருந்து கடைசி நாள் வரை மாறாத உண்மை ஒன்று உண்டு. கட்டிய பணத்தையும் இன்னும் கட்ட வேண்டிய பணத்தையும் கூட்டினால் எப்போதும் 60,000 தான் வரும். இதைத்தான் பள்ளிக்கூடத்தில் சமன்பாடு என்கிறார்கள். எத்தனை கிழமை கட்டினோம் என்பதை எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் எவ்வளவு பாக்கி என்பதை வை என்று வைத்துக்கொள்வோம். கட்டிய பணம் 1,200 ஐ எக்ஸால் பெருக்கியது. ஆகவே:

1,200 எக்ஸ் + வை = 60,000

நமக்குத் தெரிய வேண்டியது பாக்கி, அதாவது வை. அது இப்போது வேறொன்றுடன் சேர்ந்து நிற்கிறது. அதைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும். தராசில் ஒரு தட்டிலிருந்து எடுத்ததையே மற்றத் தட்டிலிருந்தும் எடுத்தால் தராசு சாயாது அல்லவா? அதுபோல இரண்டு பக்கத்திலிருந்தும் 1,200 எக்ஸை எடுத்துவிடுவோம்:

வை = 60,000 – 1,200 எக்ஸ்

வசனத்துக்கு ஓர் எழுவாய் இருப்பதுபோல இந்தச் சமன்பாட்டுக்கு இப்போது வைதான் எழுவாய். அதனால்தான் இதை எழுவாயாக்குதல் என்கிறார்கள். "வையைத் தனிய வை எண்டு சொல்லியிருந்தா எனக்கும் விளங்கியிருக்கும்" என்று அக்கா சொன்னபோது மூவரும் சிரித்தோம். அன்று அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஏன் தனியே எடுக்க வேண்டும்? சேர்ந்து நிற்கும்போது ஒவ்வொரு கிழமைக்கும் பாக்கி எவ்வளவு என்று யோசித்து யோசித்துத் தேட வேண்டும். தனியே எடுத்துவிட்டால் கிழமையின் எண்ணைப் போட்டதும் பாக்கி வந்துவிடும். மகள் அட்டவணையை எழுதினாள்:

0 ஆம் கிழமை – 60,000
10 ஆம் கிழமை – 48,000
20 ஆம் கிழமை – 36,000
30 ஆம் கிழமை – 24,000
40 ஆம் கிழமை – 12,000
50 ஆம் கிழமை – 0

அடுத்து வரைபு. சதுரக்கோட்டுக் கொப்பியில் கீழே இடமிருந்து வலமாக ஒரு கோடு. அதில் ஒரு சதுரம் 5 கிழமை. இடது ஓரத்தில் கீழிருந்து மேலாக இன்னொரு கோடு. அதில் ஒரு சதுரம் 6,000 ரூபா. இப்படி எடுத்தால் இரண்டு பக்கமும் பத்துப் பத்துச் சதுரத்துக்குள் கணக்கு முழுவதும் அடங்கிவிடும். 20 ஆம் கிழமைப் புள்ளியை வைக்க வேண்டுமானால் வலப்பக்கமாக நாலு சதுரம் போக வேண்டும், அங்கிருந்து மேலே ஆறு சதுரம் ஏற வேண்டும். அந்த இடத்தில் ஒரு சின்னப் புள்ளி. இப்படியே ஆறு புள்ளிகளையும் வைத்து அடிமட்டத்தால் சேர்த்தபோது, மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு நேராக இறங்கும் கோடு ஒன்று வந்தது. ஒழுங்காகக் கட்டினால் கடன் இறங்க வேண்டிய பாதை அது.

நேர்கோடு வரைய இரண்டு புள்ளிகளே போதும். ஆனால் மூன்றாவதாக ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். அதுதான் சாட்சி. மூன்றும் ஒரே கோட்டில் விழாவிட்டால் எங்கோ கணக்குப் பிழைத்திருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு அட்டையில் உள்ளபடி உண்மையான புள்ளிகளைச் சிவப்புப் பென்சிலால் வைத்தோம். எட்டாம் கிழமை வரை சிவப்புப் புள்ளிகள் கோட்டின் மேலேயே இருந்தன. எட்டாம் கிழமை முடிவில் பாக்கி 50,400. ஒன்பதாம், பத்தாம் கிழமைகளில் பாக்கி குறையவில்லை. புள்ளிகள் படிக்கட்டின் தட்டைப்போலக் கிடையாக நின்றன. "அது நான் கால் வருத்தத்தில ஆஸ்பத்திரியில இருந்த கிழமை" என்றார் அக்கா. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்றில் கட்டியிருக்கிறார். பாக்கி 46,800. பதினான்கிலும் பதினைந்திலும் மறுபடியும் ஒரு தட்டு. அடுத்து மூன்று கிழமை கட்டி 43,200. பத்தொன்பதிலும் இருபதிலும் கடைசித் தட்டு. "அது மழைக் கிழமை. தையல் ஒண்டும் வரேல்லை."

ஆக மூன்று தட்டுகள், ஆறு கிழமைகள். இருபதாம் கிழமையில் கோட்டின்படி பாக்கி 36,000 ஆக இருக்க வேண்டும். சிவப்புப் புள்ளி 43,200 இல் நின்றது. மேலிருந்து கீழாக அளந்தால் இடைவெளி 7,200 ரூபா. பக்கவாட்டில் அளந்தால் ஆறு கிழமை. அலுவலகம் சொன்னதும் இதுதான்.

ஆனால் அக்காவின் விரல் நடுத் தட்டின் மேல் நின்றது. பதினான்காம், பதினைந்தாம் கிழமைகள். "இந்த ரெண்டு கிழமையும் நான் குடுத்தனான் மிஸ். அப்பதான் பழைய தம்பி மாறிப் புதுத் தம்பி வந்தவர். காசைச் சேத்துக் குழுத் தலைவியிட்டக் குடுக்கச் சொன்னவை."

எண்கள் வரிசையாகக் கிடந்தபோது தெரியாத இடம், கோடாக வரைந்ததும் தெரிந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை வரும்போது பழைய பைகளையெல்லாம் தேடி ஒரு பற்றுச்சீட்டைக் கொண்டு வந்தார். அது பதினான்காம் கிழமைக்குரியது. பதினைந்தாம் கிழமைக்குச் சீட்டு வாங்கவில்லை. தெரிந்தவர்தானே என்று விட்டுவிட்டார்.

பற்றுச்சீட்டையும் வரைபையும் எடுத்துக்கொண்டு அக்காவும் நானும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். சீட்டு உள்ள கிழமையைப் பதிந்து தந்தார்கள். பாக்கி 42,000 ஆயிற்று. இடைவெளி 6,000 ரூபாவாகக் குறைந்தது, அதாவது ஐந்து கிழமை. சீட்டு இல்லாத 1,200 ரூபா போனது போனதுதான்.

அங்கிருந்தபடியே மகள் இன்னொரு கணக்குப் பார்த்தாள். மீதமுள்ள 30 கிழமைகளில் 42,000 ஐயும் முடிக்க வேண்டுமானால் கிழமைக்கு 1,400 கட்ட வேண்டும். 1,200 ஆகவே கட்டினால் 35 கிழமை எடுக்கும். முதல் கோட்டுக்குச் சமாந்தரமாக ஐந்து கிழமை தள்ளி இறங்கும் கோடு அது. அக்காவின் வருமானத்துக்கு இரண்டாவதுதான் தாங்கும். தண்டப் பணம் இல்லாமல் ஐந்து கிழமை கூடுதலாகத் தரும்படி எழுத்தில் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். இதை எழுதும்போது பதில் வரவில்லை.

சகோதரிகளே, இந்த வரைபு இன்னொன்றையும் காட்டியது. அதை நீங்கள் எல்லோரும் அறிய வேண்டும்.

கிழமைக்குக் கட்டும் 1,200 இல் 1,000 ரூபா முதல். 200 ரூபா வட்டி. முதலை மட்டும் தனியே எடுத்து இரண்டாவது கோடு ஒன்று வரைந்தோம். வை = 50,000 – 1,000 எக்ஸ். அது 50,000 இல் தொடங்கி ஒவ்வொரு கிழமையும் இறங்குகிறது. இருபத்தைந்தாம் கிழமையில் நம்மிடம் இருக்கும் அவர்களுடைய பணம் 25,000 தான். கடைசிக் கிழமையில் வெறும் 1,000 ரூபா. ஆனால் வட்டி? முதல் கிழமை 50,000 ரூபாவுக்கு 200. கடைசிக் கிழமை 1,000 ரூபாவுக்கும் அதே 200.

முழுத் தொகையும் முழுக் காலமும் நம் கையில் இருந்தது போல வட்டி எடுக்கப்படுகிறது. உண்மையில் சராசரியாக நம் கையில் இருந்தது ஏறத்தாழப் பாதிதான். ஆகவே இருபது வீதம் என்று சொல்லப்பட்ட வட்டி, கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு நாற்பது வீதத்தை நெருங்குகிறது. குறைந்துவரும் மீதிக்கு மட்டும் இருபது வீதம் எடுத்திருந்தால் வட்டி 5,000 ரூபாவுக்குக் கிட்டத்தான் வந்திருக்கும். இது ஒளித்து வைக்கப்பட்ட இரகசியம் அல்ல. கேட்டால் சொல்வார்கள். கேட்கத் தெரியாததால் நாம் கேட்பதில்லை.

இது ஓர் அக்காவின் கதை மட்டுமல்ல. போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் வாசலுக்கே வந்து கொடுக்கப்பட்ட நுண்கடன்கள் எத்தனை குடும்பங்களை ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று ஓட வைத்தன என்பதை நாம் கண்டோம். நுண்நிதிச் சட்டம் 2016 இல் வந்தது. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. அதே ஆண்டு செப்ரெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் பெண்களின் இந்தக் கடன் சுமையைத் தமது அறிக்கையில் எடுத்துக் கூறினார். 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் சிங்களச் சகோதரிகள் இதே கடன் பிரச்சினைக்காக வீதியோரம் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். நமது வேதனையும் அவர்களது வேதனையும் ஒரே அட்டையில்தான் எழுதப்பட்டிருந்தன.

சட்டமும் போராட்டமும் வேண்டும். அவற்றோடு நமது கையில் நமது கணக்கும் வேண்டும்.

இரண்டு எண்களைக் கொண்டு தாளில் ஓர் இடத்தைக் குறிக்கும் முறையை 1637 இல் வெளியிட்டவர் ரெனே தெக்காட் என்ற பிரெஞ்சு அறிஞர். படித்தவர்களின் விளையாட்டாக அது நின்றுவிடவில்லை. கிரிமியப் போரில் காயப்பட்டவர்களைப் பராமரித்த புளோரன்ஸ் நைட்டிங்கேலை நாம் கைவிளக்கு ஏந்திய தாதியாகவே அறிவோம். போர்வீரர்கள் காயத்தை விட, தடுத்திருக்கக்கூடிய நோய்களாலேயே அதிகம் இறந்தார்கள் என்பதை அவர் 1858 இல் ஒரு வரைபடமாக வரைந்து அதிகாரிகளுக்குக் காட்டினார். போரைக் கண்ட ஒரு பெண், கண்டதைக் கண்ணீரால் மட்டும் சொல்லாமல் கோடும் நிறமுமாகவும் சொன்னார்.

இனி மகளின் வீட்டுப் பாடம். சாதாரண தரத்தில் கணிதம் கட்டாய பாடம். பிள்ளை இதில் தடுமாறினால் பக்கத்தில் இருந்து உதவ நம்மாலும் முடியும். அவள் நின்றிருந்த கணக்கு இது:

3 எக்ஸ் + 2 வை = 12

முதலில் 3 எக்ஸை அடுத்த பக்கத்துக்கு எடுக்கிறோம். 2 வை = 12 – 3 எக்ஸ். இப்போது வை இரண்டு மடங்காக நிற்கிறது. இரண்டால் வகுக்க வேண்டும். பிள்ளைகள் அதிகம் பிழை விடுவது இங்கேதான். 12 ஐ மட்டும் வகுத்துவிட்டு 3 எக்ஸை மறந்துவிடுவார்கள். இரண்டு பிள்ளைகளுக்குச் சோற்றைப் பாதியாகப் பிரித்தால் கறியையும் பிரிக்கத்தானே வேண்டும்? எல்லாவற்றையும் வகுத்தால்:

வை = 6 – 1.5 எக்ஸ்

எக்ஸுக்கு நாம் விரும்பிய எண்ணைப் போடலாம். 0, 2, 4 என்று இரட்டை எண்களாகப் போட்டால் பின்னம் வராது. விடைகள் 6, 3, 0. புள்ளிகள் மூன்றும் ஒரே கோட்டில் விழும். 12 ஐ மட்டும் வகுத்து எக்ஸின் பக்கத்தை மறந்திருந்தால், எக்ஸ் 0 அல்லாத ஒரு புள்ளியை முதல் சமன்பாட்டில் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 12 வராது, பிழை பிடிபடும். மகள் மூன்று புள்ளிகளையும் சேர்த்துக் கோடு போட்டாள். அடிமட்டம் நழுவாமல் மறு நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது அவளது அம்மா. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்.

இம்மாதம் நீங்களும் செய்து பாருங்கள். உங்கள் கடன் அட்டையை எடுங்கள். மொத்தம் எவ்வளவு, கிழமைக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். பாக்கியைத் தனியே எடுத்து மூன்று புள்ளிகளைக் கண்டு கோடு வரையுங்கள். பிறகு ஒவ்வொரு கிழமையும் கட்டியவுடன் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். புள்ளி கோட்டின் மேலே நிற்கத் தொடங்கினால் முதல் கிழமையிலேயே தெரியும். ஆறாம் கிழமை யாரும் வந்து சொல்லத் தேவையில்லை. புதிதாகக் கடன் எடுப்பவர்கள் கையொப்பம் இடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "வட்டி முழுத் தொகைக்கா, குறைந்துவரும் மீதிக்கா?" காசு கொடுத்தால், தெரிந்த தம்பியாக இருந்தாலும் குழுத் தலைவியாக இருந்தாலும், பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். சீட்டுகளை ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

கோடு வரையக் கொப்பி இல்லாதவர்கள் அருகிலுள்ள மாதர் சங்கத்தில் கேளுங்கள். தனியே செய்யத் தயங்கினால் உங்கள் குழுவாகவே இருந்து வரையுங்கள். யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று ஒருவரோடு ஒருவர் முகம் திருப்புவதை விட, எல்லோருடைய அட்டையையும் ஒரு மேசையில் விரித்துப் பார்ப்பது நல்லது.

அந்த அக்காவின் வரைபு இப்போது அவரது தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. போன கிழமை தொலைபேசியில் பேசினார். "ஒரு கிழமைக் காசு போச்சு மிஸ். ஆனா எந்தக் கிழமை எண்டு எனக்குத் தெரியும்" என்றார். பிறகு, குழுவிலுள்ள இரண்டு பேர் தங்கள் அட்டைகளோடு வந்து மகளிடம் கோடு வரைந்து தரச் சொல்லிக் கேட்டதாகச் சொன்னார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.